மொட்டைமாடியில் நர்கிஸ்: ஐந்து குளிர்காலங்களில் கற்றுக்கொண்டது

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் தில்லியின் காஸிப்பூர் பூ மண்டிக்கு நர்கிஸ் வந்துவிடும். சாமந்தி மலைபோல் குவிந்திருக்கும் இடத்துக்கு ஓரமாக, ஈரச் சாக்கின் மேல், பத்துப் பத்துத் தண்டாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருப்பார்கள். 2019இல் கோயிலுக்கு மாலை கட்டப் பூ வாங்கப் போனபோதுதான் முதன்முதலில் அதைக் கையில் எடுத்தேன். ஒரு தண்டின் உச்சியில் ஏழெட்டுப் பூ. வெள்ளை இதழ் ஆறு, நடுவில் மஞ்சளாக ஒரு குட்டிக் கிண்ணம். சம்பங்கியும் மல்லியும் கலந்தாற்போல் ஒரு மணம். இரண்டு கட்டு வாங்கி வந்து செம்பில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மயூர் விஹாரில் எங்கள் நாலாவது மாடி வீட்டில், ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் அந்தப் பனிமூட்ட நாட்களில், வீடு முழுக்க அந்த வாசனை நின்றது.

அது டாஃபடில் வகை என்று தெரிந்தபோது நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்தில் வரும் டாஃபடில் மஞ்சள் நிறம், ஏரிக்கரை, இங்கிலாந்தின் வசந்த காலம். இதுவோ வெள்ளை, கொத்துப்பூ, கடுங்குளிரில் பூக்கிறது. ஆனால் இரண்டும் நார்சிசஸ் என்ற ஒரே பேரினம்தான். நம் ஊர் வாய்க்கால் ஓரத்து விஷமூங்கிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மண்டியில் நான் வாங்கிய பூ நார்சிசஸ் டசெட்டா. டசெட்டா என்றால் இத்தாலிய மொழியில் சின்னக் கோப்பை. மத்தியதரைக் கடல் ஓரத்திலிருந்து ஈரான் வரை காட்டுச்செடியாக வளர்வது. மனிதர் கைபட்டுக் காஷ்மீர், சீனா, ஜப்பான் என்று போய் அங்கேயும் ஊன்றிவிட்டது. காஷ்மீரிகள் இதை யெம்பர்ஸல் என்கிறார்கள். உருதுக் கவிதையில் கண்ணுக்கு உவமையாக வருகிற நர்கிஸும் இதுதான்.

சரி, நாமும் வளர்க்கலாம் என்று 2020 அக்டோபரில் இறங்கினேன். நர்சரியில் இரண்டு சாக்கு இருந்தது. ஒன்றில் பெரிய கிழங்குகள், மேலே மஞ்சள் எக்காளப் பூவின் படம். இன்னொன்றில் படமில்லை, நர்கிஸ் என்று மட்டும் எழுதியிருந்தது. “பையா, ரெண்டுமே குளிர்ல பூக்குமா?” என்று கேட்டேன். “பூக்கும் தீதி, பூக்கும்” என்றார். படம் போட்டதில் பத்து, போடாததில் பன்னிரண்டு வாங்கினேன்.

படம் போட்ட கிழங்குகளில் முழங்கை உயரத்துக்கு இலை வந்தது. பூ வரவில்லை. இரண்டில் மட்டும் மொட்டு எட்டிப் பார்த்துக் காகிதம்போல் காய்ந்துபோனது. உரம் போதவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் அதுவல்ல. அந்தப் பெரிய எக்காளப் பூக்கள் ஐரோப்பாவின் நீண்ட குளிருக்குப் பழகிய இனங்களிலிருந்து வந்தவை. கிழங்குக்குச் சுமார் 12 முதல் 16 வாரம் ஒன்பது டிகிரிக்குக் கீழே குளிர் கிடைத்தால்தான் தண்டு சரியாக நீண்டு பூக்கும். தில்லியில் ஜனவரி இரவு ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும்; பகலில் இருபதைத் தொட்டுவிடும். தொடர்ச்சியாக அந்தக் குளிர் கிடைப்பதில்லை. டசெட்டாவுக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் அப்படி ஒரு குளிர்த் தேவையே கிடையாது. தில்லிச் சமவெளியில் தொட்டியில் வளர்க்க நினைப்பவர்கள் மஞ்சள் எக்காளத்தில் பணத்தைப் போடாதீர்கள். கொத்துப்பூ வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

நர்கிஸ் சாக்கிலிருந்து வந்த பன்னிரண்டும் பூத்தன. ஆனால் கிண்ணமும் வெள்ளை, இதழும் வெள்ளை. மஞ்சள் என்று இருந்தது மகரந்தம் மட்டும்தான். பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான். மண்டியில் ஒரு கட்டு நர்கிஸ் வாங்கி வந்து, வீட்டுப் பூவையும் ஒரு தண்டு அறுத்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் பையனின் பத்து மடங்கு லென்ஸும் ஒரு பிளேடும் கையில்.

முதலில் தண்டு. விரலிடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் போதும். மண்டி நர்கிஸின் தண்டு சற்றே தட்டை, ஆனால் மழமழவென்று உருளும். வீட்டுப் பூவின் தண்டில் இரு பக்கமும் கூரான விளிம்பு; உருட்டினால் விரலில் தட்டும். அடுத்தது இலை. வீட்டுச் செடியின் இலையில் நீலச் சாம்பல் பூத்திருக்கும், திராட்சைத் தோல்மேல் இருக்குமே, அந்த மாதிரி. பிறகு பூவை நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். மேலே இதழும் கிண்ணமும். கீழே மெல்லிய குழாய். குழாய்க்கும் கீழே பச்சை உருண்டையாகச் சூலகம். இதழுக்குக் கீழே சூலகம் இருப்பது நார்சிசஸின் அடையாளங்களில் ஒன்று. மகரந்தத் தாள்கள் ஆறு. ஆறும் ஒரே மட்டத்தில் இல்லை. மூன்று குழாய் வாயில் எட்டிப் பார்க்கின்றன, மூன்று குழாய்க்குள்ளே ஒளிந்திருக்கின்றன. இரண்டு பூவிலும் இப்படித்தான். ஆகவே இரண்டும் ஒரே குழு, வேறு வேறு இனம். வீட்டில் பூத்தது நார்சிசஸ் பாபிரேசியஸ், பேப்பர்வைட் என்று விற்கப்படுவது. ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ், மொராக்கோ பக்கத்துக் காட்டுச்செடி.

வாசனையிலும் வித்தியாசம் உண்டு. பேப்பர்வைட்டின் மணம் சிலருக்குத் தலைவலி தரும். என் வீட்டுக்காரர் அதை ஹாலில் வைக்க விடமாட்டார். அதில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மல்லிகையிலும் அது உண்டு. அளவு கூடினால் நமக்கு வேறு மாதிரி தெரிகிறது. வாசனையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

அப்புறம் 2021. பூத்து முடிந்ததும் கிழங்குகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். கிழங்குதானே, அடுத்த குளிருக்குத் தானாக எழும் என்று நினைத்தேன். அந்தச் செப்டம்பரில் தில்லியில் பெய்த மழை நினைவிருக்கும். ஒரே மாதத்தில் 400 மில்லிமீட்டருக்கு மேல். அக்டோபரில் மண்ணைக் கிளறியபோது விரலில் பட்டது பழைய சோறு மாதிரி கொழகொழப்பு. நாற்றம் சகிக்கவில்லை. இருபத்திரண்டு கிழங்கில் பதினெட்டு போய்விட்டது. உட்கார்ந்து அழவில்லை என்பதுதான் பாக்கி.

மிச்சம் நாலு. நாலும் ஒரே தொட்டியில் இருந்தவை. அந்தத் தொட்டி தண்ணீர் டாங்கின் மேடைக்கு அடியில் தள்ளிக் கிடந்தது. மழைச் சாரல்கூடப் படாத இடம். நான் மறந்தே போயிருந்தேன். மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது, கிழங்குகளோ கல் மாதிரி கனமாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டிகளோடு இருந்தன. அந்த நாலும் அந்த மார்கழியில் பூத்த பூ போல அதற்கு முந்தைய வருடம்கூடப் பூக்கவில்லை.

அதிலிருந்துதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவை பிறந்த மத்தியதரைக் கடல் ஓரத்தில் கோடையில் மழையே இருக்காது. இலையுதிர் காலத்தில் முதல் மழை விழும், கிழங்கு விழிக்கும், மிதமான குளிரில் இலை விட்டுப் பூக்கும், வெயில் ஏறும்போது இலை காய்ந்து மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். குளிர்காலத்தில் பூப்பது இவற்றின் பிடிவாதம் அல்ல. தண்ணீர் கிடைக்கும் காலம் அங்கே அதுதான். தில்லியிலோ வருட மழையில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. நம் மண் நனைவது கிழங்கு தூங்கவேண்டிய நேரத்தில். சூடும் ஈரமும் சேர்ந்தால் அடித்தட்டில் பூஞ்சணம் பிடித்து அழுகும். தில்லியின் வெயில் இவற்றுக்கு எதிரியே இல்லை. தூங்கும் மாதங்களில் 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால்தான் டசெட்டா குழுவின் கிழங்குக்குள் அடுத்த பூவின் மொட்டு உருவாகிறது. எதிரி ஆடி மழைதான்.

இன்னொரு விஷயம் படித்து அசந்துபோனேன். இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகளில் டசெட்டா வகை ஒன்றை வெட்டுப்பூவுக்காகப் பயிரிடுகிறார்கள். சீக்கிரம் பூக்கவேண்டும் என்று அந்த வயலுக்குப் புகை காட்டுவார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் வாயு கிழங்கைப் பூக்கத் தூண்டுகிறது. மாங்காய் பழுக்க நம் ஊரில் புகை போடுவார்களே, அங்கே வேலை செய்வதும் இதே வாயுதான்.

இப்போது நான் செய்வதை எனக்குப் பழகிய மாதக் கணக்கிலேயே சொல்கிறேன். தீபாவளி முடிந்து இரவுகள் இதமாகும்போது, ஐப்பசியில், நடுகிறேன். அதற்கு முன் அவசரப்பட்டால் சூட்டில் இலை மட்டும் ஓடும். மண் ஒரு பங்கு, பதர்பூர் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. வீடு கட்ட வாங்கும் சொரசொரப்பான சிவந்த மணலைத்தான் இங்கே பதர்பூர் என்கிறார்கள், சலித்து மண் கழுவி எடுத்தது. கொக்கோபீட் போடுவதை நிறுத்திவிட்டேன். ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பத்து அங்குலத் தொட்டியில் ஐந்து கிழங்கு, ஒன்றோடொன்று ஒட்டாமல், மூக்கு, அதாவது கிழங்கின் மேல்நுனி, இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இருக்குமாறு. நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர். முளை தெரிந்தபின் மேல்மண் காய்ந்தால் மட்டும்.

மொட்டைமாடியில் நல்ல வெயில் படும் இடம் வேண்டும். ஜனவரியில் பத்து நாள் சூரியனே தெரியாமல் பனிமூட்டம் போடும்போது தண்டு நீண்டு துவளும், குறிப்பாகப் பேப்பர்வைட். வீட்டுக்குள் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதற்கு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார்கள்: வேர் விட்டு முளை ஒன்றிரண்டு அங்குலம் வந்தபின், ஊற்றும் தண்ணீரில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் கலந்தால் தண்டு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குட்டையாகும், பூ சிறுத்துப் போகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஒரு பங்குக்குப் பதினொரு பங்கு தண்ணீர் கலந்து நான் செய்தேன். குட்டையாக, நிமிர்ந்து நின்றது. சர்க்கரை உள்ள மதுபானம் எதுவும் ஆகாது.

பூ முடிந்ததும் வேலை முடியவில்லை. வாடிய பூவைக் கிள்ளிவிட்டு, இலையைத் தொடாமல், மாசி முழுக்கத் தண்ணீரும் சாம்பல் சத்துள்ள உரமும் கொடுக்கிறேன். இலை பச்சையாக இருக்கும்வரை அது அடுத்த வருடப் பூவுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. அசிங்கமாகச் சரிந்து கிடக்கிறதே என்று எங்கள் மாலி (தோட்டக்காரர்) ஒருமுறை எல்லா இலையையும் சுத்தமாக வெட்டிவிட்டார். அந்தத் தொட்டி மறுவருடம் பூக்கவே இல்லை. பங்குனியில் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துகிறேன். சித்திரையில் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வலைப்பையில் போட்டு எடுத்துவைக்கிறேன். புரட்டாசி முடியும்வரை அதைத் தொடுவதில்லை.

வலைப்பை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2022 ஜூனில் என் மாமியார் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். அப்போது கிழங்குப் பையைச் சமையலறைப் பரணிலேயே தொங்கவிட்டிருந்தேன். நான் குளித்துவிட்டு வருகிறேன், அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, அத்தை அரிவாள்மனையில் உட்கார்ந்து எதையோ நறுக்கிக்கொண்டிருக்கிறார். “ஏம்மா, இந்த ஊரு வெங்காயத்துல வாசனையே இல்லையே? கையெல்லாம் வழவழன்னு ஒட்டுது” என்றார். அடுக்கடுக்காக, வெள்ளையாக, உரித்தால் வெங்காயமேதான். எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. “அத்தை, அதைப் போட்டுடாதீங்க, அது விஷம்” என்று கத்தினேன். நல்லவேளை, வாணலிக்குப் போகவில்லை. அத்தையின் விரலிடுக்கில் இரண்டு நாள் அரிப்பும் சிவப்பும் இருந்தது.

இந்தக் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் கடும் வாந்தி வரும். வேகவைத்தாலும் போகாது. 2009இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் சமைத்த சூப்பில் வெங்காயத்தோடு ஒரு டாஃபடில் கிழங்கு கலந்துபோய்ப் பலருக்கு வாந்தி எடுத்தது. சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. பூ அறுக்கும் தொழிலாளர்களுக்குக் கை வெடிப்பது அதனால்தான். அன்றிலிருந்து கிழங்கு படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், சிவப்பு மையில் விஷம் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையோடு இருக்கிறது. சிறு பிள்ளையோ நாயோ இருக்கும் வீடானால் பூட்டி வையுங்கள். தண்டு அறுக்கும்போது கையுறை போடுங்கள்.

2024 ஜனவரியில் மகளைப் பார்க்க லண்டன் போனேன். அங்கே க்யூ தாவரவியல் தோட்டத்தில் மலைச்செடிகளுக்கென்று இருக்கும் கண்ணாடி வீட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். மணலில் புதைத்த மண்தொட்டிகளில், என் சுண்டுவிரல் உயரத்துக்கு, எலுமிச்சை நிறத்தில் கூம்பு கூம்பாகப் பூக்கள். இதழ் ஆறும் வெறும் கீற்று. கிண்ணம்தான் பூவே, விரிந்த பாவாடை மாதிரி. ஆங்கிலத்திலும் வளையப் பாவாடை என்ற பொருளில்தான் பெயர். மொராக்கோவின் அட்லஸ் மலையில் விளையும் நார்சிசஸ் ரோமியுக்ஸி அது. இலை புல்லைப் போல அவ்வளவு மெல்லிசு. இதே பாவாடை வடிவத்தில் பால் வெள்ளையாகப் பூப்பது கான்டாப்ரிகஸ், தெற்கு ஸ்பெயினும் வட ஆப்பிரிக்காவும் அதன் ஊர். இந்த இரண்டும் குளிர் நடுவில் பூப்பவை. அடர் மஞ்சளாக, பெரும்பாலும் வசந்தத்தை ஒட்டிப் பூப்பது பல்போகோடியம்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். ரோமியுக்ஸியே வெளிறிய மஞ்சளிலிருந்து வெண்மை வரை மாறும். நான் லென்ஸோடு குனிந்து பார்த்தது மகரந்தத் தாளைத்தான். டசெட்டாவில் குட்டையாக நேராக நிற்பவை, இங்கே நீளமாகக் கிண்ணத்தின் அடிப்பக்கம் படுத்து நுனியில் மேல்நோக்கி வளைகின்றன. மகரந்தப்பை நடுமுதுகில் ஒட்டி, தொட்டால் ஊஞ்சலாடும். மற்ற டாஃபடில்களில் அது கிட்டத்தட்ட அடியில் ஒட்டியிருக்கும். பாவாடைக் குழு என்று உறுதியாகச் சொல்ல இது ஒன்று போதும். “அம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மகள். பார்க்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் நின்றேன்.

வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று ஆசை வந்தது உண்மை. கூடாது. கிழங்கோ விதையோ எதுவானாலும், இந்தியாவின் 2003ஆம் வருடத்துத் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கிழங்கோடு நூற்புழுவும் வைரஸும் வந்து சேரும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

என் மொட்டைமாடியில் மஞ்சள் கிண்ண நர்கிஸ் இப்போது மூன்று தொட்டி இருக்கிறது. அது எந்த நர்கிஸ் என்பதில் மூன்று வருடமாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு வீட்டில் பூக்கவைக்கும் சீன வகையும் பார்வைக்கு இதே மாதிரிதான். சாதாரண டசெட்டாவுக்குக் குரோமோசோம் இருபது, சீன வகைக்கு முப்பது. மூன்று தொகுதி இருப்பதால் அது விதை பிடிக்காது. குட்டிக் கிழங்கால் மட்டும் பெருகும். நான் மூன்று குளிர்காலமும் மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினேன். ஒரு சூலகம்கூடப் பருக்கவில்லை. சீன வகையாக இருக்கலாம். எல்லாமே ஒரே தாய்க்கிழங்கின் குட்டிகள் என்றாலும் விதை பிடிக்காமல் போகலாம் என்பதால் அட்டையில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அட்டையில் முதல் பூ விரிந்த தேதி, ஒரு தண்டில் எத்தனை பூ, தண்டு உருண்டையா விளிம்பா, கிண்ணத்தின் நிறம், விதை உண்டா இல்லையா, எல்லாம் பென்சிலில் எழுதுகிறேன். பேனா மை ஒரே மழையில் போய்விடும்.

போன ஐப்பசியில் மண்டியில் ஒரு பூக்காரர், மலையிலிருந்து வந்தது என்று ஆறு கிழங்கு கொடுத்தார். காசு வாங்கவில்லை. பெயர் அவருக்கும் தெரியாது. ஏழாம் தொட்டியில் நட்டேன். மார்கழி இருபது தாண்டிவிட்டது. காகிதம் போன்ற உறைக்குள் மொட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன, வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணலாம். ஒன்பது. தண்டை உருட்டிப் பார்த்தேன், விளிம்பு தட்டவில்லை. அத்தை மன்னார்குடியிலிருந்து போனில் இரண்டு நாளுக்கு ஒருதரம் கேட்கிறார்: “வெங்காயம் பூத்துதா?” இன்னும் இல்லை அத்தை, உறையின் நுனி மட்டும் இன்று காலை லேசாகக் கீறியிருக்கிறது.